மாலையோடு வைத்த ஜீரோ

“அது சுத்தவே இல்லியே. அப்புறம் எத அளந்தாங்க?”

பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் நின்று சந்திரம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். அன்று மதியம் அவருடைய வலது கைக்கு 4.6 என்று எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தவள் நான்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

“தெரியலக்கா” என்றேன்.

“படிச்ச பொண்ணு, உனக்கே கொத்தில்லியா, தெரியாதா” என்று கன்னடம் கலந்து கேட்டுவிட்டு மேலே ஏறிப் போனார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் அவருடைய கை போய்விட்டது. அது எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சந்திரம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. ஒக்கலிபுரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பிறந்து, அதே சந்தில் கல்யாணமாகி, அங்கேயே இருக்கிறார். எங்கள் வீடு அவர் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. அவருடைய அப்பா குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். சந்திரம்மா கன்னட மீடியத்தில் ஏழாவது வரை படித்தார். பிறகு வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினார். அதற்குப் பிறகு ஒரு கார்மென்ட்ஸில் பட்டன் ஓட்டை தைக்கும் காஜா மெஷின். பதினொரு வருடமாகப் பீன்யாவில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கணவர் முனிகிருஷ்ணன் ஆட்டோ ஓட்டுகிறார்.

எங்கள் சந்தில் சந்திரம்மாவின் கை பேர்போனது. புது காஸ் சிலிண்டரின் மூடி வரவில்லை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊறுகாய் பாட்டில், பிடித்துக்கொண்ட குக்கர், இறுகிப்போன குழாய் எல்லாம் அவரிடம் வரும். முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒரே திருப்பில் திறந்து கொடுப்பார். “இதுக்கா என்னக் கூப்ட்ட? நான் என்னமோன்னு நெனச்சேன்” என்பார். முனிகிருஷ்ணன் சொல்லிச் சிரிப்பார்: “இவ மூடுன சக்கர டப்பாவ ஊருல ஒருத்தனும் தெறக்க முடியாது. எனக்கு டீ வேணும்னா இவ டூட்டி முடிஞ்சு வரணும்.”

கம்பெனியில் அவருடைய வேலையும் அதுதான். வால்வின் தலையில் ஒரு பித்தளை மூடி இருக்கும். அதைக் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு முறுக்கி உட்கார வைக்க வேண்டும், அதன் பிறகே ஸ்பேனர். அந்த மேசையில் பத்தொன்பது பெண்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறக் கோட்டு, பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலக் கோட்டு. நீலக் கோட்டுக்காரர்கள் கேன்டீனில் மின்விசிறிக்குக் கீழே சாப்பிடுவார்கள். சாம்பல் கோட்டுக்காரர்கள் பின்பக்கப் படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார்கள். சந்திரம்மா பதினொரு வருடமும் அந்தப் படியில் சாப்பிட்டவர்.

நான் பி.யு.சி.யைப் பாதியில் விட்டவள். இரண்டு கடைகளில் நிலைக்காமல், சந்திரம்மா சொல்லித்தான் ஆகஸ்டில் அந்தக் கம்பெனியின் சோதனை அறையில் சேர்ந்தேன். திரையில் வரும் எண்ணைப் படித்துத் தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த அறையில் புதிதாக ஒரு சென்சார் இருந்தது. முறுக்குவிசையை அளப்பது. கம்பெனியில் எல்லோரும் டார்க் என்று சொல்வார்கள். டீ கிளாஸ் அளவுக்கு ஓர் எஃகு உருளை. அதன் ஒரு பக்கம் இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மறுபக்கத்தில் வால்வைப் பொருத்தி, மூடிய வால்வு எவ்வளவு முறுக்கைத் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். எதுவும் சுற்றாது, ஆனால் பக்கத்துப் பெட்டியின் திரையில் எண் மட்டும் ஏறும்.

செப்டம்பரில் இரண்டு இடங்களிலிருந்து, மூடி சரியாக இறுகாமல் வால்வு ஒழுகுகிறது என்று புகார் வந்தது. அதே மாதம், மூடி போடும் மேசையில் பதினான்கு பேரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்றும் செய்தி வந்தது. பதினான்கு நீலக் கோட்டு, பத்தொன்பது பெண்கள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஹெச்.ஆர். ஷ்ரேயாஸ். அவர் சென்சாரில் வால்வு இருந்த இடத்தில் கை பிடிக்கக் குறுக்காக ஒரு கம்பி வைக்கச் சொன்னார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான கம்பி, நடுவில் பிடித்து வலது பக்கம் முறுக்க வேண்டும். ஐந்து நியூட்டன் மீட்டருக்கு மேல் வந்தால் கோட்டு. கீழே வந்தால் கோட்டும் இல்லை, கான்ட்ராக்டும் இல்லை.

“ஏன் சார் அஞ்சு?” என்று மேசையில் யாரோ கேட்டார்கள்.

“ஆறு வெக்கட்டுமா?” என்றார் ஷ்ரேயாஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. சூப்பர்வைசர் சாமிநாதன் எல்லா மெஷினுக்கும் விபூதி பூசி, குங்குமம் வைத்து, பூ வைத்தார். புது மெஷினுக்குத்தான் பெரிய மாலை. கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த தடிமனான சாமந்தி மாலையை அந்தக் கம்பியின் வலது முனையில் தொங்கவிட்டார், எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறையும் சேர்த்து. பூஜை நேரத்தில் மெஷினெல்லாம் ஓட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஓட முடியாத மெஷினுக்கு விளக்காவது எரிய வேண்டும். அதனால் பெட்டியை ஆன் செய்தார்கள். திரையில் 0.7 என்று வந்தது.

சாமிநாதனுக்கு அது பிடிக்கவில்லை. “பூஜையன்னிக்கு இது என்ன அரகொற நம்பர். புதுசா ஆரம்பிக்கணும்” என்று ஜீரோ பட்டனை அழுத்தினார். 0.0 ஆனது. கற்பூரம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம், சந்திரம்மாவும் கும்பிட்டார். பொரியும் வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

மறுநாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை நான் போய் மாலையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பெட்டியை ஆன் செய்தேன். அணைத்தாலும் வைத்த ஜீரோவை மறக்காத பெட்டி அது. திரையில் -0.7 என்று நின்றது.

“சார், மைனஸ் காட்டுது” என்றேன்.

சாமிநாதன் எட்டிப் பார்த்தார். “மைனஸ்னா எடது பக்கம். நமக்கு வலது பக்கம்தான் டெஸ்ட். முறுக்குனா பிளஸ்ல வரும். வர்றத எழுது.”

“ஜீரோ அழுத்தட்டுமா சார்?”

“பூஜையில வெச்ச ஜீரோம்மா அது. அதப் போயி நீ தொடாத.”

நான் தொடவில்லை. இரண்டாவது முறை கேட்கவும் இல்லை.

பத்தொன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து கம்பியைப் பிடித்து முறுக்கினார்கள். நான் எண்ணைப் படித்தேன். மமதா 5.2. மமதா சந்திரம்மாவுக்குப் பக்கத்து இருக்கை, ஆறு வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர். சந்திரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். முந்தானையால் கம்பியைத் துடைத்தார். முறுக்கினார். கழுத்து நரம்பு தெரிந்தது.

“நாலு புள்ளி ஆறு” என்று படித்தேன்.

“சரியாப் பாரு பாப்பா” என்றார்.

“நாலு புள்ளி ஆறுதாங்கா.”

மமதாதான் முதலில் வாயைத் திறந்தார். “ஏனு சந்திரக்கா, என்னாச்சு? ஊருக்கெல்லாம் ஊறுகா பாட்டில் தெறந்து குடுப்பீங்களே. இது பாட்டில் இல்லன்னு கை கோவிச்சுக்கிச்சா?”

வரிசையே சிரித்தது. இன்னும் முறுக்காதவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

ஐந்து பேர் ஐந்துக்குக் கீழே வந்தார்கள். மீதி சரியாகப் பதினான்கு. கணக்கு அப்படியே பொருந்தியதில் ஷ்ரேயாஸுக்கு மகிழ்ச்சி. “நோடி, பாருங்க, மெஷின் பொய் சொல்லாது” என்றார். தோற்ற ஐந்து பேருக்கும் பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார். அதுவரை அவர்கள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி தூக்க வேண்டும்.

அன்று மாலைதான் மெட்ரோ படியில் சந்திரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அவர் தன் கையைப் பழக்க ஆரம்பித்தார். எங்கள் சந்தின் முனையில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், துருப்பிடித்துப் போன ஒரு பழைய வால்வு இருக்கிறது. அதன் சக்கரம் நான் பிறந்ததிலிருந்து திரும்பியதில்லை. சந்திரம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அந்தச் சக்கரத்தின் நடுக் கம்பியைப் பிடித்து முறுக்குவார். பத்து எண்ணும் வரை விடமாட்டார். காலையில் நாற்பது தடவை, வேலையிலிருந்து வந்து நாற்பது தடவை. சுற்றாத ஒன்றை முறுக்குவதுதானே சோதனை, அதனால் சுற்றாத ஒன்றில்தான் பழக வேண்டும் என்று அவர் நினைத்தார்.

தண்ணீர் வரிசையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. “இன்னும் நாலு முறுக்கு முறுக்கு சந்திரம்மா, காவேரி இங்கயே வந்துரும்.” “அந்தச் சக்கரமும் பாவம், பென்ஷன் வாங்குற வயசுல அதப் போட்டு இம்ச பண்ற.” சந்திரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவார். நான்காவது நாள் மணிக்கட்டு வீங்கியது. தைலம் தேய்த்து, பழைய புடவைத் துணியைச் சுற்றிக்கொண்டு, முறுக்கினார். பகலெல்லாம் அதே கையால் பெட்டி தூக்கினார்.

ஏழாவது நாள், வெள்ளிக்கிழமை, சென்சார் விற்ற கம்பெனியிலிருந்து க்ளென் என்பவர் வழக்கமான சர்வீஸுக்கு வந்தார். பெட்டியை ஆன் செய்த உடனே முகத்தைச் சுளித்தார்.

“யாரு இதுக்கு ஜீரோ வெச்சது? ஆள் தொடாமலே மைனஸ்ல நிக்குது.”

நான் பூஜையைப் பற்றிச் சொன்னேன். மாலையைப் பற்றியும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு பாலித்தீன் பையில் பித்தளை மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அதைக் கம்பியின் வலது முனையில் தொங்கவிட்டார். மூடி சேரச் சேரத் திரையில் மைனஸ் குறைந்தது. 0.0 வந்ததும் நிறுத்தினார். பையைத் தராசில் வைத்தார். எழுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

“இதான் உங்க மாலை. மாலையோட கனத்தையே ஒண்ணுமில்லன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க. அப்புறம் மாலைய எடுத்துட்டீங்க. அதுலருந்து யாரு முறுக்குனாலும் மொதல் பாயின்ட் ஏழு கணக்குலயே வராது.”

அப்போதுதான் சந்திரம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன். சுற்றாத ஒன்றில் எதை அளக்கிறார்கள்?

“சுத்தலன்னு யாரு சொன்னது?” என்றார். “முறுக்குனா எஃகும் முறுகும்மா. தலமுடி கனத்துல ஒரு துளி. கண்ணுக்குத் தெரியாது. உள்ள அதுமேல மெல்லிசா கம்பி ஒட்டியிருக்கும். எஃகு முறுகுனா அந்தக் கம்பி இழுபடும், அதுல போற கரன்ட் மாறும். அந்த மாத்தத்ததான் நம்பரா காட்டுது.”

நான் தாளை எடுத்து எல்லா எண்ணோடும் 0.7 கூட்டினேன். சந்திரம்மாவுக்கு 5.3. தோற்ற ஐந்து பேரில் மூன்று பேர் தேறியிருந்தார்கள். தாளையும் க்ளென் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஷ்ரேயாஸிடம் ஓடினேன். அவர் முழுவதையும் படித்தார். புரியாமல் ஒன்றும் இல்லை.

“தாரணி, பதினாலு கோட்டு, பதினாலு பேர். சைஸ் குடுத்து தைக்கவும் போட்டாச்சு. இப்ப பதினேழுன்னு சொன்னா நான் யார்கிட்டருந்து கழட்டறது? மமதாகிட்டருந்தா?”

“ஆனா சார், அவங்க தப்பு இல்லியே.”

“அதுக்குத்தான் திங்கக்கெழம டெஸ்ட் இருக்கே. சரியான ஜீரோல பண்ணுவோம். அஞ்சு வந்தா பாப்போம்.”

“வந்தா கோட்டு உண்டா சார்?”

“பாப்போம்னுதான் சொன்னேன்.”

வெளியே சாமிநாதன் நின்றிருந்தார். “மாலையப் பத்தி வெளிய பேசிட்டுத் திரியாத. சாமி விஷயம்” என்றார்.

அன்று மாலை சந்திரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய மணிக்கட்டை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்திருந்தார். முனிகிருஷ்ணன் டீ போட்டுக்கொண்டிருந்தார். மாலை, ஜீரோ, ஷ்ரேயாஸ் சொன்னது எல்லாம் சொன்னேன்.

“அப்ப நான் அன்னிக்கே பாஸா?”

“ஆமாங்கா. அஞ்சு புள்ளி மூணு.”

அவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தார். விரல்கள் முழுவதும் மடங்கவில்லை.

“போன வெள்ளிக்கெழம இருந்த மாதிரியே போயி நின்னா போதுமா?”

“போதுங்கா.”

முனிகிருஷ்ணன் சொன்னார்: “ஏழு நாளா அந்தத் துரு சக்கரத்தோட மல்லுக்கட்டுனியே. சும்னே இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப.” அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் சந்திரம்மா அன்று அவர் போட்ட டீயைக் குடிக்கவில்லை.

“ரெண்டு நாள் இருக்கு. ரெஸ்ட் குடுத்தா எறங்கிடும்” என்றார் என்னிடம். சனிக்கிழமை பேக்கிங்கில் லீவு கேட்டார். தரவில்லை. லீவு போட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொன்னாராம்.

திங்கட்கிழமை ஷ்ரேயாஸ் ஐந்து பேரையும் திரைக்கு முன்னால் நிறுத்தினார். “எல்லாரும் பாருங்க. ஜீரோ புள்ளி ஜீரோ. அப்புறம் மாலை, பூன்னு யாரும் வரக் கூடாது.” மமதாவும் இன்னும் சிலரும் புது நீலக் கோட்டில் வாசலில் வந்து நின்றார்கள். மடிப்புக் கலையாத கோட்டு.

முதலில் 4.8 வாங்கியிருந்த பெண்ணுக்கு 5.4 வந்தது. அவரைக் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு சந்திரம்மா வந்தார். மணிக்கட்டில் துணி இல்லை, வரும் வழியில் அவிழ்த்துவிட்டிருந்தார். முந்தானையால் கம்பியைத் துடைத்தார். பிடித்தார்.

“ரெண்டு புள்ளி ஒம்பது” என்று படித்தேன்.

மூன்று முறை முயலலாம் என்றார் ஷ்ரேயாஸ். இரண்டாவது முறை 3.4. மூன்றாவது முறை முறுக்கும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 2.2.

“சந்திரக்கா, மாலைய எடுத்துட்டாங்களே, இப்ப யார் மேல பழி போடுவீங்க?” என்றார் மமதா. இந்தத் தடவை சிரிப்பு குறைவாக இருந்தது. ஆனால் இருந்தது.

சந்திரம்மா ஷ்ரேயாஸைப் பார்த்துச் சொன்னார்: “சார், அன்னிக்கு எனக்கு அஞ்சு மூணுன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. நீங்களும் பாத்தீங்களாம்.”

“பாத்தேன். அது அன்னிக்கு இருந்த கைம்மா. இன்னிக்கு இருக்கற கையத்தானே நான் வேலைக்கு வெக்க முடியும்?”

சந்திரம்மா சாம்பல் கோட்டின் பட்டன்களை இடது கையால் கழற்றத் தொடங்கினார். நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை, நானும்தான். பட்டன் கழற்றி முடியும் முன்பே ஷ்ரேயாஸ் என்னை உட்கார வைத்து ஒரு வரி டைப் செய்யச் சொன்னார்: “மறுசோதனையில் முதல் சோதனையின் முடிவு உறுதி செய்யப்பட்டது.” நான் டைப் செய்தேன்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. டாக்டர் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். வீக்கம் இறங்கிவிட்டது, பலம் திரும்பவில்லை. சந்திரம்மா இப்போது மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்த நாட்களில் மட்டும், பந்தியில் இடது கையால் எச்சில் இலை எடுக்கிறார். போன மாதம் எங்கள் சந்தில் ஒரு பெண் பழக்கதோஷத்தில் சிலிண்டரை அவர் வீட்டு வாசல் வரை உருட்டி வந்துவிட்டாள். கதவைத் தட்டும் முன் ஞாபகம் வந்து, திருப்பி உருட்டிக்கொண்டு போனாள். உள்ளே சந்திரம்மா சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சர்க்கரை டப்பாவை இப்போது முனிகிருஷ்ணன் லேசாக மூடி வைக்கிறார். எறும்பு வருகிறது.

ஒரு காலை தண்ணீர் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றபோது, அன்று படிக்கட்டில் சொல்ல முடியாத பதிலைச் சொன்னேன். க்ளென் சொன்னது முழுவதும்.

கவனமாகக் கேட்டார். “அப்ப அந்த எஃகே கொஞ்சம் வளைஞ்சு குடுத்துச்சுன்னு சொல்ற.”

“ஆமாங்கா.”

“ம்” என்றார். குடம் நிறைந்தது. இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அந்தத் துருச் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

நான் ஜனவரியில் அந்த வேலையை விட்டுவிட்டேன். விட்டதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, வேறொரு பெண் எண்களைப் படிக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை காலை, திரையில் -0.7 நின்றபோது, எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல முடியும் என்பதே எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது பல இடங்களில் கையின் பலத்தை இப்படி மெஷினில் பார்க்கிறார்களாம். அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கையால் வேலை செய்யும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டுங்கள். கம்பியைப் பிடிக்கும் முன் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் தொடாதபோது அங்கே ஜீரோ இல்லை என்றால், பிடிக்க மாட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள். எண்ணைப் படிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.